வியாழன் நாலேகால் வகுப்பு

எங்கள் ஊர் வெரிங்கப் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பின் தலைவர் வாரிக் டோல்ஹர்ஸ்ட் ஆண்டுக்கு நான்கு முறை காணாமல் போவார். பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள் கமிட்டியில் இருக்கும் எங்கள் ஐந்து பேருக்கும் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அடுத்த பருவத்துக்கான கால அட்டவணைப் பணியில் ஈடுபட்டிருப்பதாகவும், தவிர்க்க முடியாத அவசரம் என்றால் மட்டும் தொடர்புகொள்ளலாம் என்றும் அதில் இருக்கும். பிறகு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகர ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் மனைவி நோயலீன் தேநீரைக் கதவருகே வைத்துவிட்டுத் திரும்புவாள். இரண்டாவது வார இறுதி முடிந்ததும் அட்டவணை வெளிவரும். நாற்பது மணி நேர உழைப்பு என்று கூட்டத்தில் சொல்வார். தலைவருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது என்று நான் குறிப்பேட்டில் எழுதுவேன். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. மற்ற நேரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

அந்த அட்டவணைக்கும் போன பருவத்து அட்டவணைக்கும் என்ன வித்தியாசம் என்று தேடியிருந்தால், மேலே போட்டிருக்கும் தேதி மட்டும்தான் கிடைத்திருக்கும். யாரும் தேடவில்லை. ஒருவர் நாற்பது மணி நேரம் உழைத்த பிறகு, அதைச் சரிபார்ப்பது மரியாதையாகப் படவில்லை.

கிளப்பின் பதிவு எல்லாம் ஒரு மென்பொருளில் இருந்தது. எந்த வகுப்பு, எந்தக் கிழமை, யார் பயிற்சியாளர், எத்தனை பிள்ளைகளுக்கு இடம், இடமில்லாமல் யார் யார் காத்திருக்கிறார்கள், எல்லாம் அதில் உண்டு. நிர்வாகிக்கான கடவுச்சொல் வாரிக்கிடம் மட்டும் இருந்தது. எங்களுக்கும் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, அட்டவணை என்பது ஒரே ஆள் கையால் செய்ய வேண்டிய காரியம் என்று சொல்லிவிட்டார்.

இந்த ஊரில் யார் பெயரையும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். வாரிக்கை ஊரே வாஸ்ஸா என்றுதான் கூப்பிட்டது. அவருக்கு அது பிடிக்காது. கடிதங்களில் வாரிக் ஜே. டோல்ஹர்ஸ்ட், தலைவர் என்று கையெழுத்திடுவார். அவரை 'சார்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் மரிசெல்.

மரிசெல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. மகள் ஜோலினாவுக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் அம்மாவின் வேலை முடியும்வரை அந்தப் பெண் இல்லத்தின் புல்வெளியில் கரணம் அடித்துக்கொண்டிருப்பாள். பக்கவாட்டில் உருண்டு உருண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடுவாள். வராந்தாவில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் பிங்கோ விளையாட்டின் எண் அட்டைகளை உயர்த்தி மதிப்பெண் போடுவார்கள். எழுபத்தாறு ஒருவர் கொடுத்தால், பக்கத்திலிருப்பவர் நாலு என்று காட்டுவார். என் பேருந்து அந்த வழியாகத்தான் திரும்பும். நானே வண்டியை மெதுவாக்கிப் பார்த்திருக்கிறேன்.

மரிசெலுக்கு முன்னேரத்திலேயே வேலை முடிவது வியாழக்கிழமை மட்டும்தான். எங்களிடம் வியாழன் நாலேகால் மணிக்கு முதல்படி வகுப்பு ஒன்று இருந்தது. ஊருக்கு வந்த முதல் வாரமே பதியப் போனாள். இடமில்லை, காத்திருப்போர் பட்டியலில் சேரலாம் என்று திரை சொன்னது. சேர்ந்தாள். அடுத்த பருவமும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும். இப்படி ஐந்து பருவம்.

இதில் ஒரு சிக்கல். முதல்படி வகுப்பில், பருவம் தொடங்கும் நாளில் ஒன்பது வயது நிரம்பாதவர்களைத்தான் சேர்ப்பார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் இரண்டாம்படிக்குப் போக வேண்டும். இரண்டாம்படிக்குப் போக முதல்படி தேறியிருக்க வேண்டும். இரண்டு விதியும் வாரிக் எழுதியவை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமானவை. ஜோலினாவுக்கு நவம்பர் மூன்றாம் தேதி ஒன்பது வயது. அக்டோபரில் தொடங்கும் பருவத்தில் இடம் கிடைக்காவிட்டால் அவள் எந்த வகுப்பிலும் சேர முடியாது. இதை மரிசெல் என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னபோது அவள் குரலில் புகார் இல்லை. விதி என்றால் விதிதான் என்று நம்புகிறவள்.

அவள் காத்திருந்த அந்த வகுப்புதான் எங்கள் கிளப்பின் பெருமை. ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் வாரிக் அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி வாசிப்பார். காத்திருப்போர் எண்ணிக்கை பத்தொன்பது. வேறெந்த வகுப்புக்கும் நாலைத் தாண்டவில்லை. மூன்றரை ஆண்டுகளில் வியாழன் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. மற்ற வகுப்புகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நாங்கள் கைதட்டுவோம். இந்த ஆண்டு அந்தப் பத்தொன்பதைக் காட்டி உள்ளூராட்சியான ஷயர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பமும் போட்டிருந்தார். கூடம் நிரம்பி வழிகிறது, ஆகவே கண்காட்சி மைதானத்தில் எங்களை ஒட்டியிருக்கும் ஆட்டுக் கொட்டகையை எங்களுக்கே தரவேண்டும் என்று. ஆட்டுக்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் எனக்கு மரிசெலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தப் பருவமும் இடம் கிடைக்காது போலிருக்கிறது, பரவாயில்லை, மகள் வகுப்பை ஒருமுறை பார்க்கவாவது வேண்டும் என்று ஆசைப்பட்டாள், போன வியாழனும் அதற்கு முந்தைய வியாழனும் நாலேகாலுக்குக் கூடத்துக்குப் போனோம், கதவு பூட்டியிருந்தது, பிள்ளைகளை எங்காவது சுற்றுலா அழைத்துப் போயிருப்பீர்கள், கேட்காமல் வந்ததற்கு மன்னிக்கவும். மின்னஞ்சல் இவ்வளவுதான்.

நான் இரண்டு முறை படித்தேன். எங்கள் கிளப் பிள்ளைகளை எங்கும் சுற்றுலா அழைத்துப் போனதில்லை.

அடுத்த வியாழன், பருவத்தின் கடைசி வாரம், பேருந்தை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நாலு பத்து. மைதானத்தில் ஒரு காரும் இல்லை. பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். மெத்தைகள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. வகுப்புப் பிள்ளைகள் யாராவது தாமதமாக வரக்கூடும் என்று நாலரை வரை காத்திருந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கதவருகே ஒட்டியிருந்த அட்டவணையில் வியாழன் நாலேகாலுக்கு நேரே பயிற்சியாளர் என்ற இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று இருந்தது. எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ப்ரானிதான் அந்த வகுப்பை எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ப்ரானி என்கிற ப்ரான்வென் எங்கள் மூத்த பயிற்சியாளர். மைதானத்துக்கு எதிரே உள்ள தீவனக் கடையில் வேலை செய்கிறாள். போனபோது மூட்டைகளின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். வியாழன் வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அத என்கிட்ட கேக்குற பாரு, ரஸ்," என்றாள். "அந்தப் பெர்த்லேருந்து வர்ற புது கோச்சுப் பொண்ணு எடுக்குது. என் க்ளாஸ் அது. முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டுத் திரும்பி வந்து கேட்டா, வாஸ்ஸா திரையப் பாத்துட்டு, வியாழன் ஃபுல்லுங்கிறான். என் க்ளாஸ் எனக்கே ஃபுல்லு. சரி, புதுப் பொண்ணு புடிச்சுக்கிச்சு, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அவ சனிக்கிழமை மட்டுந்தான் வர்றா, ப்ரானி."

"யாரு சொன்னா?"

"வியாழன் அவ பெர்த்ல காலேஜ்ல இருப்பா. எல்லாருக்கும் தெரியும்."

ப்ரானி மூட்டைகளிலிருந்து நிமிர்ந்தாள். மூன்று வருடமாக அந்தப் பெண்ணிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சனிக்கிழமைகளில் ஒருத்தி வடக்கு வாசல் வழியாக வந்தால் மற்றவள் தெற்கு வாசல் வழியாகப் போவாள். ஏனென்று அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாது.

"அப்ப யாருதான் எடுக்குறாங்க?" என்றாள்.

"யாரும் எடுக்கல. கூடம் பூட்டிக் கெடக்கு. பத்தொம்பது பேரு காத்துக்கிட்டிருக்காங்க."

ப்ரானி கடைப் பையனிடம் சொல்லிவிட்டு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இருவரும் என் காரில் வாரிக் வீட்டுக்குப் போனோம். அவர் எங்கே என்று கேட்டதற்கு நோயலீன், அட்டவணை வேலையாக இருக்கிறார், விடுமுறைக்கு முன்பே இந்தமுறை ஆரம்பித்துவிட்டார், தொந்தரவு செய்யாமல் இருந்தால் நல்லது என்றாள். ஷெட்டுக்குள்ளிருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டது.

ப்ரானி கதவைத் தட்டவில்லை, திறந்தாள். வாரிக் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வானொலியை அணைத்துவிட்டு, எதிரே இருந்த கணினியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், மிகவும் சிக்கலான ஒரு கட்டத்தில் நாங்கள் குறுக்கிட்டுவிட்ட மாதிரி.

நான் மரிசெலின் மின்னஞ்சலைக் காட்டினேன். கூடத்தில் பார்த்ததைச் சொன்னேன். வியாழன் வகுப்பின் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் திறந்தார். பயிற்சியாளர்: பின்னர் அறிவிக்கப்படும். பதிந்த பிள்ளைகள்: இல்லை. அனுமதிக்கப்படும் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் பேருக்கு இடம். பூஜ்யம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே வகுப்பு நிரம்பிவிட்டது. இயந்திரத்தின் கணக்கில் தவறில்லை.

"நான்தான் போட்டேன்," என்றார் வாரிக் மெதுவாக. "ப்ரானிக்கு முட்டி ஆபரேஷன். ஒரு பருவத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம்னு ஜீரோ போட்டேன். அடுத்த பருவம் மாத்திக்கலாம்னு."

"மாத்தலயா?"

திரையின் மேல்மூலையில் ஒரு பொத்தான் இருந்தது: 'சென்ற பருவத்திலிருந்து நகலெடு'. அதன் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள்: கிழமை, நேரம், பயிற்சியாளர், எண்ணிக்கை, காத்திருப்போர். எல்லாவற்றிலும் சரிக்குறி இருந்தது. பதினாலு பருவமாக அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். பூஜ்யமும் பதினாலு முறை ஒழுங்காக நகலாகியிருக்கிறது, வரிசையும் அதோடு நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், வாஸ்ஸா?" என்று கேட்டாள் ப்ரானி.

"ஒரு நிமிஷம்," என்றார்.

நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்து சுவரைப் பார்த்தேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடத் தாள் தொங்கியது. வண்ணப் பென்சிலால் போட்ட கோடுகள், கட்டங்கள், ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்புகள். அதுதான் முதல் அட்டவணை. வாரிக் ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தவர். கோதுமை அறுவடைக் காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் பதினேழு சரக்கு ரயில்களை ஒன்றோடொன்று முட்டாமல் அனுப்புவதற்குக் காகிதத்தில் பாதை வரைவது அவர் உத்தியோகம். ஒரு கணினி வந்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் கிளப்புக்கு வந்தார். ஒரே கூடம், முப்பத்திரண்டு வகுப்பு, அப்போதிருந்த நாலு பயிற்சியாளர்கள், அதில் இருவருக்கு ஆகாது, இரண்டே தாண்டுமேடை. அதை அவர் அந்தத் தாளில் அடக்கியிருந்தார். பண்ணையிலிருந்து வரும் பள்ளிப் பேருந்து தாமதமாவதற்குக்கூட ஐந்து நிமிடம் விட்டிருந்தார். அது என் பேருந்து. அந்த முதல் அட்டவணைக்கு உண்மையாகவே நாற்பது மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு மாற்றவேண்டிய தேவையே வரவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு," என்றேன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"பட்டன அமுக்குனா வந்துடும்னு சொன்னா, அப்புறம் நான் எதுக்கு?" என்றார் வாரிக்.

ப்ரானியும் அந்தத் தாளைப் பார்த்தாள்.

ஆனால் தலைவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் வாரிக் நடைமுறை பேச ஆரம்பித்தார். இதைக் கமிட்டியில் வைக்கவேண்டும், ஒரு துணைக்குழு போடலாம், துணைக்குழு பிப்ரவரியில் கூடும், அதற்குள் ஷயர் மன்றத்தின் முடிவும் தெரிந்துவிடும். பத்தொன்பது என்ற எண் இப்போதுதான் மன்றத்தின் மேசையில் இருக்கிறது, இந்த நேரத்தில் அதைத் தொடுவது உசிதமல்ல.

"அந்தப் பொண்ணுக்கு நவம்பர் மூணாந்தேதி ஒம்பது வயசு முடியுது," என்றேன். "நாளைக்கு அஞ்சு மணிக்கு அடுத்த பருவத்துக்கான பதிவு மூடுது. பிப்ரவரில துணைக்குழு கூடி எந்தப் பொண்ணச் சேக்கப் போறீங்க?"

"ஆட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா?"

"சிரிப்பாங்க," என்றாள் ப்ரானி. "நானும் சிரிப்பேன். அந்த ஜீரோவ மாத்து, வாஸ்ஸா. முட்டி வலி இருக்கு எனக்கு, எட்டுப் பேருக்கு மேல முடியாது. எட்டுன்னு போடு."

வாரிக் வரைபடத் தாளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூஜ்யத்தை அழித்துவிட்டு எட்டு என்று அடித்தார். பயிற்சியாளர் என்ற இடத்தில் ப்ரான்வென் என்று முழுப்பெயரும் எழுதினார்.

உடனே இயந்திரம் வேலையைத் தொடங்கிவிட்டது. இடம் காலியானால் காத்திருப்போருக்கு வரிசைப்படி கடிதம் அனுப்பும்; பதிலுக்கு இரண்டு நாள் பொறுக்கும்; பதில் வராவிட்டால்தான் அடுத்தவருக்குப் போகும். ஜோலினா வரிசையில் பதினேழாவது. முதல் எட்டுப் பேருக்குக் கடிதம் போயிற்று. அவை போன முகவரிகளோ அந்த எட்டுப் பேரும் மூன்று வருடத்துக்கு முன் கொடுத்தவை. இரண்டு நாள் பொறுத்தால் பதிவு மூடிவிடும். பதிவை நீட்டலாமே என்றேன். நீட்டினால் எல்லா வகுப்புக்கும் நீளும், முப்பத்திரண்டும் கலைந்துபோகும் என்றார். இதில் அவர் சொன்னதை நம்பினேன். வரிசையை மீறி ஜோலினாவை முன்னால் இழுக்கலாமா என்று ப்ரானி கேட்டாள். அதற்கு மட்டும் வாரிக் அசையவில்லை. மூன்று வருடம் காத்திருந்தவர்களிடம் இதையும் செய்யக்கூடாது என்றார். அதுவும் சரியென்றே பட்டது.

மீதமிருந்தது தொலைபேசி ஒன்றுதான். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, வேண்டாதவர்களின் பெயரைக் கையால் நீக்கவேண்டும். நான் செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார் வாரிக். "நான் போட்ட ஜீரோ."

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தை முடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். வாரிக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார், தொலைபேசிக்கு. முதல் அழைப்பில், கிளப்பின் நிர்வாகத் தரப்பில் நேர்ந்த ஓர் ஒருங்கிணைப்புக் குறைபாட்டின் காரணமாக, என்று ஆரம்பித்தார். மறுமுனையில் இருந்த பெண், நீங்கள் மின்சாரக் கம்பெனியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இரண்டாவது அழைப்பில் குறைபாட்டை விட்டுவிட்டார். ஐந்தாவதில் கோட்டைக் கழற்றினார். ஏழாவதற்குள் பேச்சு இப்படிச் சுருங்கியிருந்தது: "வாரிக் டோல்ஹர்ஸ்ட் பேசுறேன். வியாழன் வகுப்புக்குப் பேரு குடுத்திருந்தீங்க. அப்படி ஒரு வகுப்பே நடக்கல. என் தப்பு. இப்ப நடக்கப்போகுது. பொண்ணு வருமா?"

பெரும்பாலும் வராது. ஒரு பெண் இப்போது அப்பாவைவிட உயரம், கால்பந்து ஆடுகிறாள். ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயது, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஒருகாலத்தில் கேட்டதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று வேண்டிக்கொண்டான். இரண்டு குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. ஒரு பாட்டனார் இருபது நிமிடம் மழையைப் பற்றிப் பேசினார், வாரிக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாய் மட்டும் கோபப்பட்டாள். என் மகள் அழுதாள், நீ லாயக்கில்லை அதனால்தான் எடுக்கவில்லை என்று அவள் அண்ணன் சொல்லிச் சொல்லி அழவைத்தான் என்றாள். அவள் பேசி முடிக்கும்வரை வாரிக் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் தங்கைக்கு இப்போது ஆறு வயது. அவளைச் சேர்க்கவேண்டுமானால் பட்டியலில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, பட்டியல் என்ற சொல்லை விழுங்கிவிட்டு, அவளுக்கும் இடம் இருக்கிறது என்றார்.

நடுவில் ஷயர் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நான் எழுதினேன். ஆட்டுக் கொட்டகை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், காரணம் கூடத்தில் இடம் இருக்கிறது. இதைவிட நீளமாக எழுத அவர் விடவில்லை.

மாலைப் பேருந்தை ஓட்டிவிட்டு நான் திரும்பியபோது பதினாறு பேர் முடிந்திருந்தது, மணி நாலரை. ஐந்து பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். வாரிக் தண்ணீர் குடித்துவிட்டுப் பதினேழாவது எண்ணை அழுத்தினார். மரிசெல் சமையலறையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் எனக்கே கேட்டது. ஜோலினாவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றார்.

சத்தம் நின்றது. நிஜமாகவா சார் என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு அவள் கேட்டதை வாரிக் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"யாரு சார் விட்டுப் போனாங்க? அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?"

வாரிக் என்னைப் பார்த்தார். மற்ற பதினாறு பேரிடமும் சொன்ன வரி அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. அதைச் சொல்லவில்லை.

"யாரும் போகல, மரிசெல்," என்றார். "யாரும் இருந்ததே இல்ல. நீங்க வந்த அன்னிலேருந்து அந்த இடம் காலியாத்தான் கெடந்துச்சு. நான் பாக்கல."

ஐந்து பருவம் என்பது ஒரு வருடத்துக்கும் மேல். அவ்வளவு நாளையும் அவள் மறுமுனையில் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வாரிக் தொலைபேசியைக் காதோடு அழுத்தியபடி, திட்டு விழட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"எத்தன மணிக்கு வரணும் சார்?" என்றாள் மரிசெல்.

"நாலேகால்," என்றார் வாரிக். பிறகு, "நாலு மணிக்கே வாங்க. கதவ நான் வந்து தெறக்குறேன்," என்றார்.